தாளில் எல்லாம் பச்சை, சாலையில் வண்டி அலைகிறது

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் வந்த கார். முன்பக்கம் காயில் ஸ்பிரிங், விஷ்போன் (சக்கரத்தைச் சேஸியோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கை), கிங் பின் (ஸ்டியரிங்கை வளைக்கும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தத் தண்டு). பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கில் உட்காரும் ஒற்றை அச்சு. கடைசி நட்டு வரை பிரித்து, துருவை நீக்கி, பெயின்ட் அடித்து, ரப்பர் புஷ் (மூட்டுகளுக்குள் போடும் உறை), கிங் பின், டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனை என்று தேய்கிற பாகம் அத்தனையும் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். டயர் ரேடியல். இப்போது மூன்று புகார்கள்: 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டி நேராகப் போகாமல் அலைகிறது. கையை எடுத்தால் இடப்பக்கம் இழுக்கிறது. திருப்பத்தில் வளைத்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. இரண்டு முறை கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்தாகிவிட்டது. அச்சடித்துக் கொடுத்த தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. மூன்றாவது முறை போய்க் காஸ்டரை (கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் கோணம்) கூட்டச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குப் போக வேண்டாம். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத்தான் அந்த இயந்திரம் அளக்கும். கிங் பின் பிடிக்கிறதா, புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா, ஓடும்போது சக்கரம் அதே கோணத்தில் இருக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பழைய காரில் அலைன்மென்ட் கடைசி வேலை. முன்வேலை முடியாமல் அதைச் செய்தால், கோளாறை உள்ளே வைத்துக்கொண்டு எண்களை மட்டும் திருத்தியதாக ஆகும். மூன்று புகாருக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மூன்றாவது புகார் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஸ்டியரிங் திரும்பி வரவில்லை என்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. நெடுநாள் ஓடித் தேய்ந்த காரில் ஆட்டத்தைத் தேட வேண்டும். இப்போதுதான் பூட்டி முடித்த காரில் இறுக்கத்தைத் தேட வேண்டும். கிங் பின் உட்காரும் புதிய வெண்கல புஷ்ஷை அழுத்திப் பொருத்தியதும் அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கிவிடும். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் நீளமான ரீமரால் ஒரே ஓட்டமாகச் சீவினால்தான் இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும். தனித்தனியாகச் சீவினால் ஒவ்வொன்றிலும் கிங் பின் வழுக்கிக்கொண்டு நுழையும். இரண்டிலும் சேர்த்துப் பூட்டியதும் பிடித்துக்கொள்ளும். ரீமர் கையில் இல்லாமல் உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையின் லட்சணம் ஸ்டியரிங்கைப் பிடித்தவுடனே தெரிந்துவிடும்.

சோதிப்பது எளிது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்படி தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டு பக்க டை ராடு முனைகளையும் ஸ்டியரிங் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். இப்போது சக்கரத்துக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்கும் (ஸ்டியரிங்கின் சுழற்சியை டை ராடுக்குக் கடத்தும் பெட்டி) தொடர்பில்லை. டயரின் முன் விளிம்பில் விரல்களை வைத்துத் தள்ளினால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சக்கரம் சீராக நகர வேண்டும். நடுவில் தயங்கினாலோ, ஒரு சக்கரம் இலகுவாகவும் மற்றது பாரமாகவும் இருந்தாலோ கிங் பின்னில் வேலை பாக்கி இருக்கிறது. முடிவு கட்டுவதற்கு முன், தூக்கிய நிலையிலேயே கிரீஸ் அடித்துப் பாருங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போது அடித்தால், பாரம் தாங்கும் முகங்களுக்கு இடையே கிரீஸ் போகாது. பழைய கிரீஸ் முழுவதும் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிப்பிள் (கிரீஸ் கன்னைப் பொருத்தும் சிறு முனை) இருக்கிற இடத்திலெல்லாம் கிரீஸ்தான் போக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ட்ரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களின் கீழ் ட்ரனியனுக்கு (சக்கரத்தைத் தாங்கும் தண்டு மரையோடு திரும்பும் கீழ்மூட்டு) கியர் ஆயில்தான் கொடுக்க வேண்டும். கிரீஸ் அங்கே இறுகி மரையை அடைத்துவிடும். பிறகு உள்ளே காய்ந்து துருப்பிடித்து, ஒருநாள் சக்கரத்தைத் தாங்கும் தண்டே முறியும். உங்கள் காரின் கையேட்டில் எந்த நிப்பிளுக்கு எது என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஆட்டத்தையும் பார்த்துவிடலாம். டயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். டக் டக் என்று ஆடினால் அது பேரிங்கா, கிங் பின்னா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: உதவிக்கு ஒருவரை பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் தளர்வு. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின், அல்லது விஷ்போன் மூட்டு. எந்த மூட்டு என்று தெரிய, ஒருவர் அசைக்க மற்றவர் மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தப்பாது.

அடுத்தது ஸ்டியரிங் பாக்ஸ். வண்டி அலைவதற்கு நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். நேராக ஓட்டும்போதுதான் பாக்ஸ் அதிகம் உழைக்கிறது, அதனால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். இதற்காகவே பல பழைய ஸ்டியரிங் பாக்ஸ்களில் நடுவில் மட்டும் இடைவெளி குறைவாகவும் இரு கோடிகளில் அதிகமாகவும் இருக்கும்படி செய்திருப்பார்கள். சரிசெய்யும் திருகை அந்த நடுப்புள்ளியில் வைத்துத்தான் முடுக்க வேண்டும். வேறு எங்கோ வைத்து ஆட்டத்தை எடுத்திருந்தால், நடுவுக்கு வரும்போது பாக்ஸ் பிடிக்கும். பிடிக்கிற பாக்ஸ் வண்டியை அலையவிடும். சிறு திருத்தம் கொடுத்தால் அது அப்படியே நிற்கும். மறுபக்கம் திருத்த வேண்டியிருக்கும். ஓட்டுபவர் ஓயாமல் இடமும் வலமுமாகத் துரத்திக்கொண்டே இருப்பார். இதை 'லூஸ்' என்று எடுத்துக்கொண்டு மேலும் முடுக்குகிறவர்கள் உண்டு. கோளாறு இரட்டிப்பாகும்.

டை ராடு கழன்றிருக்கும் இந்த நேரத்தில் பாக்ஸின் உண்மையான நடுவைக் கண்டுபிடியுங்கள். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகச் சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் லேசான இறுக்கம் கைக்குத் தெரியும். ஸ்டியரிங் ஆரங்கள் அப்போது கோணலாக நின்றால், யாரோ ஸ்டியரிங்கைக் கழற்றித் தவறான பல்லில் மாட்டியிருக்கிறார்கள். அதைச் சரியான பல்லில் மாட்டிய பிறகே டை ராடைத் தொட வேண்டும். ஆரம் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பக்க டை ராடை மட்டும் நீட்டி மறுபக்கத்தைக் குறுக்கினால், வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் தன் நடுப்புள்ளியில் இருக்காது. இரண்டு பக்கமும் டை ராடு ஒரே நீளத்தில் இருக்க வேண்டிய அமைப்பில், நீளம் மாறினால் மேடுபள்ளத்தில் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று வேறுவிதமாகத் திரும்பவும் செய்யும்.

இனி ரப்பர் புஷ். புதுப்பித்த கார்களில் நான் பார்க்கிற பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். பழைய கார்களின் சஸ்பென்ஷன் புஷ்களில் பெரும்பாலானவை சுழல்வதில்லை. உள்குழாய், வெளிக்குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் அசையாமல் இறுகிவிடும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. கார் ஸ்டாண்டில் இருக்க, சக்கரம் கீழே தொங்கும்போது அந்த போல்ட்டை முடுக்கினால், தொங்குகிற நிலையே ரப்பரின் இயல்பு நிலை ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கியதும் எல்லா புஷ்ஷும் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளும். உயரம் கூடும், கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாறும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். ஸ்டாண்டில் வைத்துப் பூட்டுவதுதான் வசதி என்பதால் எல்லாரும் இப்படியே செய்கிறார்கள்.

திருத்துவதற்குப் புதுப் பாகம் எதுவும் தேவையில்லை. நான்கு சக்கரமும் தரையில் அல்லது உறுதியான சரிவுமேடையில் நிற்கட்டும். விஷ்போனின் உள்மூட்டு போல்ட்கள், லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட், பின்பக்க ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனையைப் பிடிக்கும் அசையும் இணைப்பு) போல்ட்கள் எல்லாவற்றையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். முன்பம்பரையும் பின்பம்பரையும் சில முறை அழுத்தி விடுங்கள். காரை ஒரு மீட்டர் முன்னும் பின்னுமாக உருட்டுங்கள். ஓட்டுபவரின் எடை இருக்கையில் இருக்கட்டும், டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருக்கட்டும். பிறகு கையேட்டில் சொன்ன டார்க்கில் (முடுக்கும் விசையின் அளவில்) முடுக்குங்கள். முன்பக்கம் நின்ற உயரம் அப்போதே இறங்குவதைப் பார்ப்பீர்கள். பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் இந்தக் கதை வேறு. அது குழாயோடு ஒட்டாமல் உள்ளே சுழல்வது, எந்த நிலையிலும் முடுக்கலாம்; ஆனால் சிலிக்கோன் கிரீஸ் இல்லாமல் போட்டால் கிரீச்சிட்டே உயிரை வாங்கும். அன்றாடம் ஓட்டப்போகிற காருக்கு ரப்பரையே நான் சொல்வேன்.

புஷ் அமர்ந்த பிறகுதான் உயரத்தை அளக்க முடியும். உயரம் சரியாக இல்லாமல் கேம்பரை அளப்பது வீண், ஏனென்றால் விஷ்போன் மேலே போகப் போகக் கேம்பரும் மாறும். மட்கார்டு விளிம்பிலிருந்து அளக்கும் வழக்கத்தை இந்தக் காருக்கு விட்டுவிடுங்கள். தகரவேலை செய்து மீண்டும் பூட்டிய மட்கார்டு முன்பிருந்த இடத்திலேயே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சேஸியில் ஒரு புள்ளி, அல்லது கீழ் விஷ்போனின் உள்மூட்டு மையம்: அங்கிருந்து தரைக்கு அளந்து இடதும் வலதும் ஒப்பிடுங்கள். புதிதாக வளைவு ஏற்றிய லீஃப் ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமரும். அதற்குள் அதை மீண்டும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஷாக் அப்சார்பரை மாற்றி உயரத்தைச் சரிசெய்ய முயல்வதிலும் பயனில்லை. உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் அதன் துள்ளலை அடக்குவதோடு சரி.

உங்கள் காரில் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர் இருந்தால் மட்டும் அதைத் தனியாகக் கவனியுங்கள். மாரிஸ் மைனர், எம்ஜிபி போன்றவற்றில் முன்பக்க ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் விஷ்போனும்கூட. அதன் அச்சில் ஆட்டம் வந்தால் கேம்பரும் சேர்ந்து ஆடும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து உள்ளே தேய்ந்த அச்சோடு பூட்டியிருந்தால், எந்த இயந்திரத்தாலும் அந்தச் சக்கரத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. பின்பக்கம் ஊசலாடும் அச்சு கொண்ட பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் உயரமே கேம்பர். அதன் பின்பக்க டார்ஷன் பாரின் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டின்) உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி ஒரு டிகிரிக்கும் குறைவான அளவில் உயரத்தை நகர்த்தலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும், அந்த வேலையைச் செய்யும்போது திட்டத் தோன்றினாலும்.

இடப்பக்கம் இழுப்பதற்கு வருவோம். இழுப்பது வேறு, ஸ்டியரிங் கோணலாக நிற்பது வேறு. கையை எடுத்தால் வண்டி ஓரமாகப் போவதுதான் இழுப்பு. ஸ்டியரிங் கோணலாக இருந்தும் வண்டி நேராகவே போனால் அது பெரும்பாலும் பின் அச்சின் கோணல் அல்லது டை ராடு நீளம். நீங்கள் சொல்வது இழுப்புத்தான் என்றால் விலை இல்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். சாலையே ஓரத்துக்குச் சரிந்திருக்கும், அதனால் சமதளத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். காற்றழுத்தத்தைச் சமமாக்குங்கள். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயராக இல்லாவிட்டால். இழுப்பு வலப்பக்கம் மாறிவிட்டால் குற்றவாளி டயர். ரேடியல் டயர்களில் புதிதிலேயே இந்தக் குணம் உள்ளவை வரும். மாறவில்லையா? சிறிது தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு இரண்டு முன் டிரம்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். இடது டிரம் மட்டும் கொதித்தால் பிரேக் விடவில்லை. இவை இரண்டும் இல்லை என்றான பிறகே கோணங்களுக்குப் போக வேண்டும். நேர்மறைக் கேம்பர் (சக்கரத்தின் உச்சி வெளியே சாய்வது) அதிகமுள்ள பக்கம் வண்டி இழுக்கும். காஸ்டர் குறைவாக உள்ள பக்கமும் இழுக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் சந்தேகப்படலாம். உங்கள் தாளில் இரு பக்கமும் பச்சையாக இருந்தாலும், ஒன்று எல்லையின் மேல்முனையிலும் மற்றது கீழ்முனையிலும் இருக்கக்கூடும். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள்.

அதே தாளில் கிங் பின் சாய்வு (அதன் மேல்முனை காரின் உள்பக்கம் சாயும் அளவு) என்று ஒரு கோணமும் இருக்கும். அதைச் சரிசெய்ய முடியாது என்பதால் யாரும் பார்ப்பதில்லை. அதையும் கேம்பரையும் கூட்டிப் பாருங்கள், எதிர்மறைக் கேம்பரானால் கழித்து. கூட்டுத்தொகை இரு பக்கமும் வேறுபட்டால் ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சு) வளைந்திருக்கிறது. தொகை சமமாக இருந்து, கேம்பரும் சாய்வும் மட்டும் இடம்வலமாக மாறியிருந்தால், குறுக்குச் சட்டமோ சேஸியோ நகர்ந்திருக்கிறது. பழைய விபத்தின் தடயத்தைப் பெயின்ட் மறைத்திருக்கும், இந்தக் கூட்டல் மறைக்காது. சேஸியைச் சரிபார்க்கத் தூக்குக்குண்டும் சாக்பீஸும் போதும். சேஸியின் இரு பக்கமும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வையுங்கள். காரைத் தள்ளிவிட்டு மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுங்கள். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தையும் இரு பக்கமும் எடுங்கள். பின் அச்சு முன்பின்னாக இருந்தால், லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் தலை அச்சின் குழியில் உட்காராமல் யூ போல்ட்டை (அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் போல்ட்) முடுக்கியிருப்பார்கள். இது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவும் முடிந்தால் கோணங்களுக்கு வரலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் காரின் கையேடு எழுதப்பட்டபோது அதில் கிராஸ் பிளை டயர் (உள்ளே நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகும் பழைய வகை) இருந்தது. மிஷெலின் ரேடியல் டயரை 1940களின் இறுதியிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது என்றாலும், 1960களின் தொடக்கத்தில் பெரும்பாலான கார்கள் கிராஸ் பிளையில்தான் ஆலையை விட்டு வெளியே வந்தன. அந்த டயருக்கு ஏற்றபடி நேர்மறைக் கேம்பரும் கூடுதலான டோ-இன்னும் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கி நிற்பது) கொடுத்திருப்பார்கள். ரேடியலுக்கு அவை ஒத்துவராது. அதன் பக்கச்சுவர் நெகிழும், மிதிபரப்பு தட்டையாகத் தரையில் படிய விரும்பும். சரிசெய்ய வழியிருந்தால் கேம்பரைப் பூஜ்யத்திலிருந்து எதிர்மறை அரை டிகிரிக்குள் வையுங்கள். டோ-இன்னைக் கையேட்டு அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள், 3 மி.மீ. என்றிருந்தால் ஒன்றரை. முழுவதும் எடுத்துவிட வேண்டாம். பின்சக்கரம் இழுக்கும் காரில் ஓடும்போது உருளும் தடையால் முன்சக்கரங்கள் புஷ்களை அழுத்திச் சற்று வெளிப்பக்கம் விரியும். நிற்கும்போது சிறிது உள்நோக்கி இருந்தால்தான் ஓடும்போது நேராகும். காஸ்டரைக் கூட்டுவது கடைசி. கையேட்டு அளவுக்கு மேல் ஒரு டிகிரி வரை கூட்டினால் நேராக ஓடும் குணமும் திரும்பி வரும் குணமும் கூடும், பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் கை வலியும் கூடும். இறுக்கத்தை நீக்காமல் காஸ்டரைக் கூட்டுவது, கைபிரேக்கை விடுவிக்காமல் ஆக்சிலரேட்டரை மிதிப்பது மாதிரி. ரேடியலையும் கிராஸ் பிளையையும் கலந்து போட்டிருந்தால், குறிப்பாக முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ் பிளையும் இருந்தால், வேறெதையும் யோசிக்காமல் முதலில் அதை மாற்றுங்கள். திருப்பத்தில் பின்பக்கம் எச்சரிக்கை தராமல் வழுக்கிக்கொண்டு போகும்.

டோ-இன்னை வீட்டிலேயே எடுக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, மிதிபரப்பின் நடுவில் சாக்பீஸால் பட்டையாகத் தேய்த்து, அசையாத கட்டையில் பதித்த ஓர் ஆணியின் முனையை அதன்மேல் தொடவிட்டால் மெல்லிய கோடு விழும். டயர் கோணலாக இருந்தாலும் இந்தக் கோடு சக்கரம் சுழலும் தளத்திலேயே இருக்கும். காரை இறக்கி, பம்பரை அழுத்திவிட்டு, முன்பக்கமாகச் சிறிது தூரம் உருட்டி நிறுத்துங்கள். பின்னோக்கி உருட்டினால் மூட்டுகளின் ஆட்டம் மறுபக்கம் போய் அளவு பொய்யாகிவிடும். சக்கர மையத்தின் உயரத்தில் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை கோட்டுக்குக் கோடு அளந்தால் வித்தியாசம்தான் டோ. கையேட்டில் உள்ள மில்லிமீட்டர் டயரில் அளந்ததா, ரிம்மில் அளந்ததா என்று பாருங்கள். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் 1 மி.மீ. என்பது கோணத்தில் சுமார் 6 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி), 380 மி.மீ. ரிம்மில் அதே 1 மி.மீ. சுமார் 9 நிமிடம். கேம்பருக்கு ரிம்மின் முன்னால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். 350 மி.மீ. இடைவெளிக்கு 6 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி.

காஸ்டருக்கு மட்டும் இயந்திரம் வசதி. அங்கே போகும்போது ஓட்டுபவரின் எடைக்குச் சமமான மூட்டையை இருக்கையில் வையுங்கள். கணினியில் உங்கள் கார் மாடலைத் தேடச் சொல்லாமல், நீங்கள் எழுதிக்கொண்டு போன எண்களை வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். ஆரக்கம்பிச் சக்கரமானால் ரிம் கோணலை ஈடுசெய்யும் படியைத் தாண்டிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். தொடுவதற்கு முன் ஒரு தாள், முடித்த பின் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

500 கி.மீ. ஓடிய பிறகு யூ போல்ட்களை மீண்டும் டார்க் பாருங்கள், உயரத்தையும் டோவையும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். அதற்குள் டயரே பேசத் தொடங்கியிருக்கும். முன் டயரின் மிதிபரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டுங்கள். வெளிப்பக்கத்திலிருந்து காரை நோக்கிப் போகும்போது வழவழப்பாகவும், திரும்பி வரும்போது கூராகவும் தட்டுப்பட்டால் டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். இரண்டு டை ராடுகளையும் சம அளவில், ஒரு நேரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, மறுபடி கோடு போட்டு அளந்து பாருங்கள்.